இடது பக்கம் கேட்ட சத்தம்

— நான் கேட்டது கேட்டதுதான் அக்கா. சாயங்காலம் அந்த சேஃப்டி ஆபீசர் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். குடோன்ல பெட்டி தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி எனக்கு இடது பக்கமா வந்துச்சு. நான் வலது பக்கம் தாவினேன். தாவின இடத்துக்கு உன் வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்து இடிச்சார். எழுதி வெச்சுக்கோ.

— நான் ஏன்டா எழுதணும்? எழுதறதுக்குத்தான் ஆபீசர் வரார். அவர் எழுதிக்கிட்டுப் போனா உன் மாமாவை அடுத்து யார் கூப்பிடுவாங்கன்னு தெரியுமா?

— தெரியும். போலீஸ்.

— தெரிஞ்சுக்கிட்டேதான் சொல்றியா?

— நடந்ததைச் சொல்றேன். என் கால்ல ரெண்டு கம்பி இருக்கு, அது கற்பனையா?

— இரு, இரு. கால் உடைஞ்சது பொய்னு யாரு சொன்னா? பின்னால பாக்காம ரிவர்ஸ் எடுத்தேன், தப்பு என்மேலதான்னு அவரே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துட்டார். லைசென்ஸைப் பிடுங்கிக்கட்டும், குடோன்ல மூட்டை தூக்கச் சொல்லட்டும், அதுக்கெல்லாம் அவர் தயார். ஆனா தெரியாம இடிச்சது வேற, தேடி வந்து இடிச்சது வேற. ரெண்டாவதைச் சொல்ற ஒரே ஆள் நீதான்.

— அப்போ ஒரே சாட்சியும் நான்தான்.

— அந்தச் சந்துல வேற யாருமே இல்லையா?

— ரெண்டு பக்கமும் கூரை வரைக்கும் ரேக். நான் தரையில குனிஞ்சு கீழ்த்தட்டுப் பெட்டியில லேபிள் படிச்சுக்கிட்டிருந்தேன். பீப் பீப்னு ரிவர்ஸ் சத்தம். இடது பக்கம். கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. நிமிர்ந்து பாக்க நேரமில்ல, சட்டுனு வலது பக்கம் பாய்ஞ்சேன். பாய்ஞ்சா, அங்க வண்டியோட பின்பக்கம். இதுக்கு வேற என்ன அர்த்தம்? நீயே சொல்லு.

— உன் மாமா உன்னைக் கொல்லப் பாத்தார்னு அர்த்தமா?

— கொல்லன்னு நான் சொல்லல. பயமுறுத்தப் பாத்திருக்கலாம். பேச்சுவார்த்தை நின்னு எவ்ளோ மாசம் ஆச்சு? கேன்டீன்ல நான் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. மனுஷனுக்கு உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்?

— எனக்குத் தெரியும். இருபது வருஷமா கூட இருக்கேன். கோவம் வந்தா அந்த மனுஷன் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வெச்சிட்டுப் போய்ப் படுப்பார். அவ்ளோதான் அவர் காட்டற ஆத்திரம்.

— நீ அவருக்காகப் பேச வந்திருக்கே. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு.

— எனக்கு ரெண்டும் கண்ணுதான்டா. அதான் இத்தனை நாளா தூக்கமில்ல. கீழ பைக்கிட்ட நிக்கிறார் தெரியுமா? என்னை இறக்கி விட வந்தார். மேல வாங்கன்னேன், வரல.

— வரவும் வேணாம். அவர் முதல்ல பேசட்டும். நானா வாயைத் திறந்து மாமான்னு கூப்பிடுவேன்னு மட்டும் எதிர்பாக்காதே. செத்தாலும் நடக்காது. எழுதி வெச்சுக்கோ.

— சரி, நீ ஒண்ணும் கூப்பிட வேணாம். எனக்கு ஒரே ஒரு காரியம் பண்ணு. கண்ணைக் கட்டிக்கோ.

— என்னது?

— இந்தத் துண்டால கண்ணைக் கட்டிக்கோ. உன் காது எவ்ளோ துல்லியம்னு பாக்கறேன். நான் எங்க வேலை பாக்கறேன்?

— காது டாக்டர்கிட்ட.

— காது டாக்டர்கிட்ட காது டெஸ்ட் ரூம்ல. வர்றவங்க தலையில ஹெட்போன் மாட்டி, கேக்குதா கேக்கலையான்னு கை தூக்கச் சொல்றதுதான் எனக்குச் சோறு போடுது. உன் காதை இதுவரைக்கும் பாத்ததில்ல. இன்னிக்குப் பாத்துடுவோம்.

— என் காதுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்ல குக்கர் விசில் அடிச்சா எத்தனாவதுன்னு சொல்வேன்.

— அப்போ என்ன பயம்? கட்டு. இறுக்கமா. கீழ் வழியா எட்டிப் பாக்காதே, சின்ன வயசுல கண்ணாமூச்சியில நீ பண்ற திருட்டுத்தனம் எனக்குத் தெரியும்.

— கட்டியாச்சு.

— இப்போ என் போன்ல ஒரு சத்தம் போடறேன். சத்தம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் கை நீட்டு. நகர்ந்தா கையும் கூடவே நகரணும். கேட்டுச்சா?

— ம்... இது நம்ம குடோன் சத்தம். ஏழாம் நம்பர் வண்டி. கடைசியில லேசாக் கமறும்.

— பரவாயில்லையே.

— அவர்தான் பதிவு பண்ணிக் கொடுத்தாரா?

— ஆமா, நான்தான் கேட்டேன். எங்க இருக்கு, சொல்லு.

— ஜன்னல் பக்கம். உன் வளையலைக் கழட்டு அக்கா. அது ஜல்ஜல்லுனு காட்டிக் கொடுக்குது. அப்புறம் வளையல் சத்தத்தை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்வே. பேசவும் பேசாதே.

— கழட்டிட்டேன். இந்தா, வாயையும் மூடிக்கிட்டேன்.

— இப்போ ஜன்னல்லருந்து கால்மாட்டுக்குப் போகுது. கதவுகிட்ட நின்னுடுச்சு. இப்போ திரும்பி வருது... பீரோ பக்கம். பீரோவையும் தாண்டி என் இடது தோள்கிட்ட. சரியா?

— சரி.

— இன்னொரு தடவை வேணும்னாலும் போ.

— வேணாம். நூத்துக்கு நூறு. பையன் பாஸ்.

— பாத்தியா? இதுக்குத்தான் இவ்ளோ தூரம் பைக்ல வந்தியா? என் காது சரியா இருக்குன்னு நீயே சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டே. இப்போ நீயே போய் ஆபீசர்கிட்ட சொல்லு.

— இரு, இரு. துண்டை அவுக்காதே. உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியுமா?

— காது இருக்கு, கேட்டுச்சு.

— ஒரு காதா, ரெண்டு காதா?

— எல்லாருக்கும் ரெண்டுதான்.

— அங்கதான் விஷயமே. ஜன்னல் பக்கம் சத்தம் வந்தா உன் வலது காதுக்கு முதல்ல வருது, இடது காதுக்கு ஒரு துளி தாமதமா வருது. வலதுல கொஞ்சம் பெருசா கேக்குது, இடதுல சின்னதா. ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டு, ஓஹோ ஜன்னல் பக்கம்னு மூளை சொல்லுது. காதுக்கு இடம் தெரியாதுடா. கணக்குப் போடறது மூளைதான்.

— சரி. சத்தம் நகர்ந்தா?

— அங்க இன்னும் வேடிக்கை. எங்க டாக்டரம்மா சொல்வாங்க, சத்தம் நகர்றதை மூளை முழுசாப் பின்தொடர்றதில்லையாம். முதல்ல அங்க இருந்துச்சு, இப்போ இங்க இருக்கு, அப்போ நடுவுல இப்படித்தான் வந்திருக்கும்னு தானே ஒரு கோடு போட்டுக்குமாம். அந்தக் கோட்டையும் காதால கேட்ட மாதிரியே நமக்குத் தோணுமாம்.

— டாக்டரம்மா சொல்றது இருக்கட்டும். நான் குடோன்ல நின்னவன்.

— குடோன்ல நின்னப்போ இதைத்தானே மாட்டியிருந்தே?

— எதை?

— தலையைக் குடு. இந்தா.

— இது என் ஹெட்செட். இதை எங்க பிடிச்சே?

— ஆஸ்பத்திரியில உன் துணியெல்லாம் ஒரு பையில போட்டுக் குடுத்தாங்கல்ல? சட்டையைத் துவைக்க எடுத்தேன், உள்ள இது. ஒரு பக்கம்தான் காது இருந்துச்சு. இன்னொரு பக்கம் உடைஞ்சு விழுந்துடுச்சுபோலன்னு பை முழுக்கத் தேடினேன். மாமாகிட்ட கேட்டா, அது அப்படித்தான்னார்.

— அப்படித்தான். ஒரு காதுக்கு மட்டும்தான் இருக்கும். எந்த ரேக், எத்தனை பெட்டின்னு அந்தப் பொம்பளைக் குரல் சொல்லிக்கிட்டே இருக்கும். நாங்க மகாராணின்னு கூப்பிடுவோம். ஷிஃப்ட் முடியற வரைக்கும் மகாராணி வாய் மூட மாட்டா.

— எந்தக் காதுல மாட்டுவே?

— வலது. வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து வலதுதான்.

— இவ்ளோ நாளா எங்கிட்ட நடந்ததைச் சொன்னியே, ஒரு தடவையாவது இதைச் சொன்னியா?

— இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? மூக்குக்கண்ணாடி போட்டவன், நான் கண்ணாடி வழியா பாத்தேன்னு தனியா சொல்வானா?

— அதான் நானும் கேட்டேன். சரி, மகாராணிக்குப் பதிலா உன் போன்லருந்து இதுல ரேடியோ செய்தி போடறேன். தலையைத் திருப்பாதே. குனிஞ்சு பெட்டியைப் படிக்கற மாதிரியே இரு. தலையைத் திருப்பினா மூளைக்கு வேற துப்பு கிடைச்சுடும்.

— காத்தோட்டமே இல்லாம புழுங்குது.

— கதவைத் திறந்து வைக்கிறேன். உனக்குத் தண்ணியும் எடுத்துக்கிட்டு வந்துடறேன். அப்படியே இரு, அசையாதே.

— சீக்கிரம் வா. கண்ணும் கட்டி, ஒரு காதும் கட்டி, கால்லயும் கட்டு. பாக்கறவன் என்னன்னு நினைப்பான்?

— வந்துட்டேன். இந்தா தண்ணி.

— கிரீஸ் வாடை அடிக்குது.

— உன் பையைத் திறந்து வெச்சிருக்கேன்ல, உன் சட்டைதான். கதை பேசாம கவனி. சத்தம் போடறேன்.

— இடது.

— ம்.

— இடதுதான். பீரோ பக்கம். கிட்ட வருது... இன்னும் கிட்ட. சத்தம் பெருசாவுது. நீ இடது தோள்கிட்டயேதான் இருக்கே. கையை நீட்டினா பிடிச்சுடுவேன்.

— நீட்டு.

— காத்துதான் கெடைக்குது.

— வலது பக்கம் நீட்டு. ஜன்னல் கட்டையில.

— வலது பக்கமா? எதுக்கு?

— நீட்டுடா. என்ன இருக்கு?

— போன். அதிருது.

— அது ஜன்னல் கட்டைக்கு வந்து கொஞ்ச நேரமாச்சு. கதவுலருந்து உன் வலது பக்கமாவே வந்துச்சு. பீரோ பக்கம் போகவே இல்ல.

— நீ ஏமாத்தறே. பீரோ பக்கம் போயிட்டு இங்க கொண்டுவந்து வெச்சுட்டே.

— துண்டு கட்டினவன் நீ, கட்டாதவ நான். சரி, திரும்பவும் பாரு. இந்த முறை நீ கையைக் கீழ இறக்காம காட்டிக்கிட்டே இரு.

— இடது... இடது... அக்கா, எல்லாமே இடதாத்தான் வருது. உன் குரல் கூட இடது பக்கம்தான் கேக்குது. நீ எங்க இருக்கே?

— நான் எங்க இருந்தா என்ன, உனக்கு இடதுலதான் கேக்கும். வலது காது அடைஞ்சிருக்கு, அதுல செய்தி வேற ஓடுது. திறந்திருக்கற காதுலதான் பெருசா கேக்குது. அப்போ அந்தப் பக்கம்தான்னு மூளை தீர்ப்பு சொல்லிடுது. எங்க கிளினிக்குக்கு ஒரு வாத்தியார் வருவார், ஒரு காது போச்சு. வீட்ல போன் அடிச்சா சமையல்கட்டுக்கு ஓடுவாராம். போன் ஹால்ல இருக்கும். பொண்டாட்டி சிரிக்கறான்னு எங்கிட்ட வந்து புலம்பினார்.

— இதைக் கழட்டறேன். தலை வலிக்குது.

— ஹெட்செட்டைக் கழட்டிக்கோ. துண்டு இருக்கட்டும், இன்னும் ஒண்ணு பாக்கி.

— இருக்கட்டும். கண்ணைக் கட்டிக்கிட்டா பேசறதுக்கும் வசதியாத்தான் இருக்கு.

— பேசு.

— அப்போ வண்டி முதல்லருந்தே வலது பக்கம்தான் வந்துச்சுன்றியா?

— நான் சொல்லல. நீ யோசி. வண்டி திரும்பினதைக் கேட்டியா? டயர் தேயற சத்தம், பாரம் குலுங்கற சத்தம், ஏதாவது? பீப் உன் முன்னாலயோ பின்னாலயோ சுத்தி வந்துச்சா?

— இடதுல கேட்டேன். வலதுல பாத்தேன்.

— நடுவுல?

— நடுவுல ஒண்ணும் கேக்கல.

— அப்போ அந்தத் திருப்பம்?

— திரும்பியிருந்தாத்தானே வலதுக்கு வர முடியும்? அதனால திரும்பினார்னு... நானே போட்டுக்கிட்டேன் போல. அக்கா, சத்தியமா சொல்றேன், இப்போ யோசிச்சாலும் வண்டி திரும்பறது எனக்கு அப்படியே தெரியுது.

— தெரியும்டா. அதனாலதான் நீ பொய் சொல்றேன்னு நான் ஒரு தடவை கூட சொல்லல.

— அந்தச் சந்துல ஏழாம் நம்பர் திரும்பவே முடியாது. அகலம் பத்தாது. டிரைவர் பரீட்சைக்குப் படிச்சவன் நான், எனக்கே அது உறைக்கல பாரு.

— அந்தப் பரீட்சைதானே இத்தனைக்கும் காரணம்?

— அதைக் கிளறாதே.

— கிளறினாத்தான் ஆறும்.

— மேனேஜர் கேட்டப்போ, இவன் இன்னும் தயாராகல, இன்னொரு ஆறு மாசம் போகட்டும்னு சொன்னார். சொந்த மச்சினனைப் பத்தி. ஊர்ல இருக்கற மாமாங்க எல்லாம் மச்சினனுக்கு வேலை வாங்கிக் குடுக்கறாங்க, இவர் வந்த வேலையைத் தட்டி விட்டார். சரி, தயாராகலைன்னா முதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் மேனேஜர் வாயால கேக்கணுமா?

— அது தப்புதான். நானும் சொன்னேன்.

— ஆனா அது கூட இல்ல அக்கா. அது ஆறிப் போயிருக்கும். இடிச்சதுக்கு அப்புறம் வண்டியை விட்டு எறங்கி ஓடி வந்தார். என் தலையைத் தூக்கித் தன் மடியில வெச்சுக்கிட்டார். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தார். ஒரு வார்த்தை பேசல. தம்பின்னு ஒரு வார்த்தை. அந்த நேரத்துல கூட வீம்பு. வலி தாங்காம நான் கத்தறேன், அவர் முகத்தைக் கூட நான் பாக்கல, ஆனா எப்போ பேசுவார் எப்போ பேசுவார்னு காத்துக்கிட்டே கிடந்தேன். அப்பதான் முடிவு பண்ணேன், இந்த மனுஷன் வேணும்னேதான் வந்திருக்கார்னு. காது சொன்னதுன்னு உங்கிட்ட சொன்னேன். உண்மையில அவர் பேசாம இருந்ததுதான் அப்படிச் சொல்லுச்சு.

— எந்தப் பக்கம் உக்காந்திருந்தார்?

— என்ன?

— உன் தலைக்கு எந்தப் பக்கம்?

— இடது பக்கம். என் மூஞ்சி ரேக் பக்கம் திரும்பியிருந்துச்சு, இடது கன்னம் அவர் மடியில...

— இடது காது எங்க இருந்துச்சு அப்போ?

— அவர் தொடையில அழுந்தி... 

— வலது காதுல?

— ஹெட்செட். ஆம்புலன்ஸ்ல ஏத்தினதுக்கு அப்புறம்தான் நர்ஸ் கழட்டினாங்க. அதுவரைக்கும் மகாராணி, அடுத்த பெட்டி, அடுத்த பெட்டின்னு கத்திக்கிட்டே இருந்தா.

— உன் மாமா எப்படிப் பேசுவார்?

— கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி. பக்கத்துல உக்காந்தாலே பாதிதான் கேக்கும்.

— அவர் பேசினார்டா. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அதைத்தான் சொன்னார். நான் பேசிக்கிட்டே இருந்தேன், அவன் பதிலே சொல்லல, அவன் என்னை மன்னிக்க மாட்டான்னு சொல்லிட்டு, தட்டைக் கழுவிட்டுப் போய்ப் படுத்தார். நீதான் வீம்புல பேசலைன்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்கார்.

— நீ ஏன் இதை முன்னாடியே சொல்லல?

— சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? புருஷனுக்காக ஜோடிக்கறான்னு சொல்லியிருப்பே. உனக்கு உன் காதுதான் சொல்லணும்.

— என்ன பேசினார்?

— அதை அவர் எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல. அது உங்கிட்ட சொன்னது. மூக்கை உறிஞ்சாதே, துண்டு நனையுது.

— துண்டுக்குள்ள வேர்க்குது. ஆபீசர்கிட்ட ஹெட்செட்டைக் காட்டணும் அக்கா. இனிமே ஒத்தைக் காது வேணாம்னு சொல்லணும். இல்லாட்டி அடுத்து வேற எவனாவது இதே மாதிரி வண்டி மேலயே பாய்வான். நான் எழுதிக் குடுக்கறேன்.

— குடு. வாயால சொல்ல வேண்டியதையும் சொல்லிடு.

— இடதுல கேட்டுச்சு, அது என் காது பண்ண கோளாறு, அவர் திருப்பல. பின்னால பாக்காதது மட்டும் அவர் தப்பு. இவ்ளோதான் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

— அது போதும்.

— இன்னும் ஒண்ணு பாக்கின்னியே?

— வேணாம், விடு. அசந்துட்டே.

— இல்ல, போடு. இப்போ ரெண்டு காதும் சும்மா இருக்கு. எனக்கே ஒரு தடவை பாத்துக்கணும் போல இருக்கு. இனிமே எதை நம்பறதுன்னு தெரியணும்ல?

— சரி. போடறேன்.

— ஜன்னல் பக்கம். அங்கருந்து எறங்கி வருது. மெதுவா வருது, நின்னு நின்னு. இப்போ கட்டில் ஓரம். கால்மாட்டுக்கு வந்துடுச்சு. அங்கயே நிக்குது. சரியா?

— சரி.

— அக்கா, வளையலைத் திரும்ப மாட்டிக்கிட்டியா?

— கை மொட்டையா இருந்தா எனக்கு என்னவோ போல இருக்கும். ஏன்?

— ஜல்லுனு கேட்டுச்சு. என் தலைமாட்டுல.

— தலைமாட்டுல நாற்காலி இருக்குல்ல, முட்டி வலின்னு உக்காந்துட்டேன்.

— எப்பருந்து?

— தண்ணி கொண்டுவந்ததுலருந்து.

— பீப் கால்மாட்டுல நிக்குது. நின்ன இடத்துலயே லேசா ஆடுது. போனை வேற யாரோ கையில பிடிச்சிருக்காங்க.

— தம்பி, அது வந்து...

— நீ சும்மா இரு அக்கா. மாமா, அந்தப் பீப்பை நிறுத்திட்டுக் கிட்ட வாங்க. அன்னிக்கு மடியில வெச்சுக்கிட்டு என்ன சொன்னீங்களோ, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. இப்போ கேக்கும்.